வலமிருந்து இடம்

ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி காந்தி வீதி.
பழைய ஜீன்ஸுக்கும் மிக்சி ஜார் மூடிகளுக்கும் நடுவே கிடந்தது.
ஐம்பது என்றான், இருபதுக்குத் தந்தான்.
உப்புக்காற்று குடித்து முதுகு உப்பிய புத்தகம்.
அட்டையில் ஒரு பெண்
ஒற்றைக் காதைப் பொத்தியபடி.
மஞ்சக்குப்பத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்
பதினோரு வருடமாய் வேலை எனக்கு.
காதைப் பார்த்தால் விட மாட்டேன்.

கடலூர் பஸ்ஸில் சன்னல் சீட்.
ஜப்பான்காரர் வரைந்தது, பிரெஞ்சில் பெயர்த்தது.
பிரெஞ்சு தெரியாது.
ஜப்பான் மொழியில் தெரிந்தது
தேவனாம்பட்டினத்தில் எல்லோருக்கும் தெரிந்த
அந்த ஒரே சொல்தான்.
படம் போதும் என்று அட்டையைத் திறந்தேன்.
முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஏதோ எச்சரிக்கை.
கடன் பத்திரத்தில் பொடி எழுத்தைத் தாண்டுவதுபோல்
தாண்டிப் போனேன்.

ஆளில்லாத துறைமுகம்.
மணலில் ஒரு காது, கிளிஞ்சல் மாதிரி.
அதற்குள்ளிருந்து விரலுயர மனிதன் ஒருவன்
பின்பக்கமாக நடந்து வருகிறான்,
வர வர வளர்கிறான்.
அவன் பின்னால் மீன்காரி, தபால்காரன், சைக்கிள்,
பள்ளிக்கூடம் முழுவதும்.
ஊர் நிறைகிறது.
கடைசியில் டாக்டர் டார்ச்சை அணைக்கிறார்.
பெண் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச்
சோறு சாப்பிடுகிறாள்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறி
பையைத் திற என்றது.
பாட்டில் இல்லை சார், புத்தகம்.
அவரும் ஒரு பக்கம் புரட்டினார்,
சட்டென்று மூடிக் கொடுத்தார்.
நல்ல கதை சார் என்றேன்,
எல்லோரும் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, பில் போடும் பெர்னதெத்,
சொல்தா வீட்டுப் பெண்,
தயிர்சாதக் கரண்டியோடு அந்தக் கட்டத்தைப் படித்தாள்:
நில், இது கடைசிப் பக்கம்.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு.
எனக்கு மட்டும்
முதுகுத்தண்டில் யாரோ ஒவ்வொரு படியாய் இறங்கினார்கள்.

அன்று ராத்திரி செம்மண்டலத்தில் மழை, கரண்ட் இல்லை.
எமர்ஜென்சி விளக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு
வலமிருந்து தொடங்கினேன்.
பெண் சோறு சாப்பிடுகிறாள்.
காதில் கடல் கேட்கிறது என்கிறாள்.
டாக்டர் டார்ச் அடிக்கிறார்.
உள்ளே படிக்கட்டு.
அடியில் நின்று
யாரோ அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சினிமாவில் பேய் தானாக வந்துவிடும்,
கண்ணை மூடினால் போய்விடும்.
இங்கே அது
என் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கிறது.
நான் திருப்பாத வரை
அடுத்த பக்கத்தில் மூச்சு விடாமல் நிற்கும்.
நான்தான் திருப்பினேன்.
ஒவ்வொரு முறையும் நானேதான்.
ஒண்ணுக்கு வந்தும் போகவில்லை.

படங்களுக்கு மேலே புழு நெளிவதுபோல்
ஜப்பான் எழுத்தில் சத்தங்கள்.
அதை மட்டும் பிரெஞ்சுக்காரனும் தொடவில்லை.
பென்சில் எடுத்து நானே எழுதினேன்:
படிக்கட்டுக்கு, திடும் திடும்.
தபால்காரன் உள்ளே இறங்குகையில், சளக்.
சைக்கிள் சுருங்கும்போது, நறநற.
கடைசிப் பக்கத்துத் துறைமுகத்தில்
ஒரு பெரிய எழுத்து, தனியாக.
அதற்குச் சத்தம் கிடைக்கவில்லை.
அப்படியே விட்டேன்.

புதன்கிழமை சிங்காரத்தோப்பு படகுக்காரர் ஒருவர்,
‘காதுல அலை அடிக்குது சிஸ்டர்.’
டாக்டர் வருமுன் நான் ஒரு பார்வை பார்ப்பது வழக்கம்.
வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தேன்.
என்ன தெரியுது என்றார்.
குறும்பிண்ணே, வெறும் குறும்பி.
என் குரலில் இருந்த ஏமாற்றம்
அவருக்குக் கேட்டிருக்காது,
அந்தப் பக்கக் காதுதான் அடைத்திருந்ததே.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்.
அதே ஆள், அதே தார்ப்பாய்.
‘இதே மாதிரி வேற இருக்கா?’
குவியலைக் கிளறி ஒன்றை நீட்டினான்:
அட்டையில் ஒரு வாய்,
பற்களுக்கு நடுவே சன்னல் விளக்குகள்.
விலை கேட்பதற்கு முன்
புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தேன்.