இரும்பு மை

கொம்பனிக்காரன் எழுதிய மை இரும்பு கலந்தது.
முந்நூறு வருஷமாகியும் அதற்குப் பசி அடங்கவில்லை.
எழுத்து இருந்த இடத்தில்
எழுத்தின் வடிவிலேயே ஓட்டை.
ஓட்டைகளை ஒட்டுவதுதான் எனக்கு உத்தியோகம்.

இன்று வந்த தாளில்
கறுவாப் பொதி நாற்பது
எருமை ஆறு
பெண் ஒன்று, பல் எல்லாம் உண்டு.
பெயருக்கு ஒரு மாதத்தைக் கொடுத்திருந்தார்கள்:
செப்டெம்பர்.

மேசைக்கு அந்தப் பக்கம் மிஹிரியா.
"ஏன் ஒட்டுகிறாய்?
தன் பொய்யைத் தானே தின்கிற புத்தகம்.
தின்னட்டும், விடு.
அவர்கள் வைத்த பெயரால் கூப்பிடும்வரை
அவள் அவர்கள் வீட்டுக் குசினியில்தான் நிற்கிறாள்."

வகுப்பில் சொல்லியிருந்தால்
பிள்ளைகள் குறித்துக்கொண்டிருப்பார்கள்.
என் தூரிகையில் கோதுமைப் பசை,
காய்வதற்குள் பதில் சொல்லவேண்டும்.

பல், என்றேன்.
எண்ணியவன் அவள் வாய்க்குள் விரலை விட்டிருப்பான்.
அந்த விரல் பொய்யில்லை.
எச்சில் பொய்யில்லை.
கடித்தாளா என்று எழுதவில்லை.
அவள் பெயரை நீ மாற்றலாம், மிஹிரியா,
அந்த வாய்க்கு என்ன செய்வாய்?
அது பட்ட இடம் உலகத்தில் இந்தத் தாள் ஒன்றுதான்.

"பொருள், பொருள் என்கிறாய்.
அவளையும் பொருள் என்றுதான் எழுதினார்கள்,
எருமைக்குக் கீழே."

பசை காய்ந்துவிட்டது.
திரும்பக் கரைத்தேன்.
மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஏசி வேறு நின்றுபோனது,
இரும்புக்குக் கொண்டாட்டம்.

எங்கள் தோட்டத்துச் செக்ரோலில்
கொழுந்து நிறை குறைந்த நாளில்
அம்மாவுக்கு அரைப்பேர் போடுவார்கள்.
மீதி அரைப்பேரோடு அவள் வீடு வந்து
அட்டை கடித்த காலுக்குச் சவர்க்காரம் தேய்த்து
மாப் பிசைந்தாள்.
அந்த அரையை எந்தக் கணக்கிலும் தேடிக் கிடைக்கவில்லை.
இதைத்தான் சொல்ல வந்தேன்.
சொன்னது வேறு ஏதோ,
நாக்கும் ஒட்டிக்கொண்டது போல.

அவள் கையுறை கேட்டாள்.
முதல்முறையாக அந்த வரியின் விளிம்பைத் தொட்டாள்.
"சுரசுரக்கிறது," என்றாள்,
துரு பிடித்த ஜன்னல் கம்பியைச் சொல்வதுபோல.

கறுவாவை ஒட்டினேன், எருமைகளை ஒட்டினேன்,
பல்லை மிகக் கவனமாக ஒட்டினேன்.
செப்டெம்பரில் விழுந்த ஓட்டையை
அப்படியே விட்டேன்.
கேட்டால், மெல்லிய தாள் முடிந்துபோனது என்பேன்.

பஸ்ஸில் மிஹிரியாதான் டிக்கெட் எடுத்தாள்:
"கொம்பனித்தெரு ரெண்டு."
பிறந்த ஊர்,
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.
பழைய பலகை ஒன்றில்
தமிழும் சிங்களமும் இன்னும் கொம்பனியைப் பிடித்திருக்க
ஆங்கிலம் அடிமையைப் பிடித்திருந்தது.
முதலைகள் விட்டிருந்ததாகச் சொல்லும் வாவியில்
இப்போது பாசிதான், பச்சைப் பச்சையாய்.
அந்த வாடை பிளேன்டீக்குள்ளும் வந்தது.

நகத்திடுக்கில் பசை.
கோப்பையில் என் விரல் ஒட்டி ஒட்டி விடுகிறது.
"அவளை என்னவென்று கூப்பிடுவது?"
அவள் கேட்டாளா, நான் கேட்டேனா,
ரயில் போன சத்தத்தில் தெரியவில்லை.

காலையில் போனால் அந்த ஓட்டை
ஒரு மயிரளவு பெருத்திருக்கும்.
இல்லாவிட்டால்,
முந்தி வரும் பெரேரா ஐயா
ஒட்டி முடித்திருப்பார்.