படிவத்தில் ஒரு கட்டம்

‘சிக்கல்கள் ஏதேனும்’ என்று கேட்கிறது படிவம்.
விரல் அகலம்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

மரியவியாகுலத்திடம் காட்டினால் சிரிப்பார்.
முஹாரக் படகுத்துறையில் பதினாறு வருடம்
வலை பிரித்த கை.
சிக்கல் என்றால் சப்பணமிட்டு உட்கார
ஒரு மதியமாவது வேண்டுமே சிஸ்டர், என்பார்,
பேச முடிந்தால்.

கீழ்த்தாடையில் பாதி போயிற்று,
கழுத்துக் கட்டிகளும்.
வாய் வீங்கி வழி அடைபடும் என்று
மூச்சுக்குக் கீழே ஒரு புறவாசல் திறந்தார்கள்,
எட்டாம் நம்பர் குழாய் வைத்து.

மறுநாள் காலை கழுத்து உப்பியிருந்தது.
விரல் வைத்தேன்.
தோலுக்கடியில் நொறுநொறுவென்று,
காய்ந்த கடற்பாசி மிதிபடுவதுபோல.
காற்று வழிதவறி மார்பு வரை இறங்கியிருந்தது.
டாக்டர் தையலில் இரண்டை வெட்டினார்.
இறுக்கித் தைத்ததுதான் பிழை என்றார்
தன் கையைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிலோமினாள் கூப்பிட்டாள்.
ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் பிடித்தேன்.
“ஏன் மிண்டாம இருக்கீரு? கோவமா ஒமக்கு?”
உதடு அசைந்தது.
ப், ம், ப்.
மூச்சு குரலுக்குக் கீழேயே வெளியேறிவிட
எல்லாம் மெய்யெழுத்தாய் நின்றது,
மேலே ஏற உயிர் இல்லை.
நகத்தால் போனில் இரண்டு தட்டு தட்டினார்.
இல்லை என்று அர்த்தம்.
அது அவரும் நானும் பேசிவைத்தது.
“சிக்னல் சரியில்ல” என்று வைத்துவிட்டாள்.

நான்காம் இரவு வெளியே புழுதிக்காற்று,
உள்ளே ஏசி உலர்த்திய காற்று.
மூன்று பத்துக்கு மெஷினின் சுருதி இறங்கியது.
எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது.
கட்டில் கம்பியில் தட்டினார்,
இரண்டா மூன்றா, நான் எண்ணவில்லை.
உள்குழாயைத் திருகி உருவினேன்.
முனையில் புளியங்கொட்டை அளவு
பழுப்பாய்க் காய்ந்த சளி.
அவ்வளவுதான்.
ஓர் ஆளை நிறுத்த அது போதும்.
பிறகு வந்த இருமல் என் கண்ணாடி முழுக்கத் தெறித்தது.
யார் சளி பட்டும்
நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

எழுதுகிறேன்:
3.10. அடைப்பு. நீக்கப்பட்டது.
இரண்டு மணிக்கே உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும்.
அப்போது ஒன்பதாம் படுக்கையில் இருந்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஈரக்காற்றுக் குடுவையில் தண்ணீர் நிரப்பினேன்.
பிலோமினாளின் நம்பரை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
ஊரில் விடிந்ததும்
யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்,
இரண்டு தட்டு என்றால்
இல்லை என்று.