நாளை கடன்

கிளீட்டஸ் போட் ஏறி இன்றோடு இருபத்தாறு நாள்.
கொச்சியிலிருந்து குஜராத் பக்கம், சூரைக்கு.
ரேஞ்ச் போவதற்கு முன் வந்த கடைசி வாய்ஸ் மெசேஜ்
நாற்பது விநாடி.
அதில் முப்பது இன்ஜின் சத்தம்.
மீதிப் பத்தில், மகளுக்கு ஒரு பாட்டு.
பாட்டென்று சொன்னால் பாட்டு:

சாளைக்குப் பக்கம் வாளை
வாலில்லா வாளை வாயில பாளை
பாளையத் தின்னது எங்க வீட்டுக் காளை

எங்கள் வீட்டில் காளை கிடையாது.
சின்னத்துறையில் மாடு கட்ட இடம் ஏது,
கடல் விட்டுவைத்த மண்ணில் வலை காயவே இடமில்லை.
வாளைக்கோ வால்தான் பாதி உடம்பு.
டெல்சி இதையெல்லாம் அப்பாவுக்கு மன்னித்துவிட்டாள்.
போனில் சார்ஜ் தீரும்வரை அதுவே ஓடும்.

பிறகு அவளே ஐஸ்பெட்டி மூடியில் தட்டத் தொடங்கினாள்.
சா-ளை. இரண்டு தட்டு.
அ-யி-லை. மூன்று.
நெத்-தோ-லி. அதற்கும் மூன்று.
சு-றா என்று தட்டிவிட்டுக் கையை நிறுத்தினாள்.
"இத்துணூண்டு நெத்தோலிக்கு மூணு,
இவ்ளோ பெரிய சுறாவுக்கு ரெண்டா?"
மீனிடமே கோபம்.
செதிள் ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தேன்.
மீன் வேறு, மீனின் பேர் வேறு என்று
நாலு வயதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

எதிர்வீட்டு ஷைனியின் மகனை
மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூட வேன் வந்து ஏற்றிப்போகும்.
ஏயிலிருந்து இசட் வரை
கோடு தாண்டாமல் எழுதிய நோட்டைக் காட்டுவாள்.
"ஒனக்க பிள்ள இன்னும் அனா ஆவன்னா எழுதலியா?"
எழுதவில்லை.
பென்சில் கொடுத்தால் நெத்தோலி வரைகிறாள்.
ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை மாதம் என்று
சில ராத்திரி நான் விரலை மடக்கியிருக்கிறேன்.

இதற்கிடையில் அவளுக்கு வேறு தொழில் வந்துவிட்டது.
நான் மீனுக்குச் செய்வதை அவள் பேருக்குச் செய்தாள்.
தலையை நறுக்கிப் போட்டுவிட்டு
மிச்சமிருக்கும் ளையில் வேறு தலை ஒட்டுவது.
மூ ஒட்டினால் மூளை.
சோ ஒட்டினால் சோளை.
"அப்படி ஒண்ணு இல்ல மக்கா."
"இருக்கு. அப்பா பிடிக்கப் போனது அதத்தான்."

நடைக்காவுச் சந்தையில் தொண்டை கட்டிப்போன நாள்முதல்
விலையை சிலேட்டில் எழுதி கூடையோரம் சாய்த்துவைப்பேன்.
சாளை, பக்கத்தில் ஒரு தொகை.
வாளை, பக்கத்தில் ஒரு தொகை.
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் ராசையன் கடை.
ரெண்டு கிலோ அரிசி, ஒரு தீப்பெட்டி.
எப்படிக் கேட்பதென்று நான் வார்த்தை தேடும்போது
பச்சரிசி மூட்டைமேல் ஏறி நின்று
பலகையில் விரலை வைத்தாள்.
முன்னே சங்கிலிக்கொம்பு, பின்னே ள.
"எம்மா, சாளையோட ளை!"

பிறகு விரல் ஒரு எழுத்து பின்னால் நகர்ந்தது.
"சா இல்ல. வா இல்ல."
உதடு ஒவ்வொரு தலையாய் ஒட்டிப் பார்த்தது.
காளை, கடைக்குள் எதுக்கு?
பாளை, இல்லை.
ராசையன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.
எனக்குச் சொல்லிவிடத் தோன்றியது, சொல்லவில்லை.

"நாளை!"
கடை முழுக்கக் கேட்டது.
"எம்மா, நாளைன்னு எழுதியிருக்கு. அப்பா நாளைக்கா?"

இன்று ரொக்கம், நாளை கடன்.
எத்தனை வருடமாய்த் தொங்குகிறது அந்தப் பலகை.
அதில் கடன் என்பதை மட்டும்தான்
நான் இதுவரை வாசித்திருக்கிறேன்.

ராசையன் அரிசியைக் கட்டி என் கையில் தந்தார்.
எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம்
தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.
நா-ளை.
இரண்டே தட்டு.
சுறாவைப் போல.