இனிஷியல்

நீடாமங்கலம் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில்
டோக்கன் போடும் மென்பொருளை எழுதியது நான்தான்.
திட்டுவதென்றால் என்னைத் திட்டலாம்.

'விவசாயி' என்று ஒரு கிளாஸ்.
அது ஆள் இல்லை, ஆளுக்கான அச்சு.
அச்சுக்குப் பசிக்காது, அச்சின் காலில் சேறு ஒட்டாது.
நியூ என்று எழுதினால்தான்
நினைவகத்தில் எங்கோ கையகல இடம் ஒதுங்கி
ஒரு ஆள் வந்து நிற்பார்,
இன்னும் பேர்கூட இல்லாமல்.
நின்றதுமே கன்ஸ்ட்ரக்டர் கேட்கும்:
பெயர் என்ன, இனிஷியல் என்ன,
பட்டா எண், எத்தனை மா?
ஒன்று குறைந்தாலும்
சிவப்பில் ஒரு வரி. கொடுத்த இடமும் போய்விடும்.
அரைகுறை ஆளை வெளியே விடாதே
என்பது நான் படித்த பாடம்.
நல்ல பாடம்தான். இப்போதும் நம்புகிறேன்.

தை இருபது. வெண்ணாற்றுக்கு மேலே மேகம்.
களத்தில் முப்பத்திரண்டு மூட்டை.
பேர் செங்கமலம்.
இனிஷியல்?
"எதப் போடுறது? அப்பன் யாருன்னு தெரியாது.
கட்டுனவன் பேர நான் சொல்றதில்ல."
நிலம் குத்தகை. பட்டாவில் இருப்பது சாமி பேர்.
சாமி நெல் கொண்டுவரவில்லை.

ஆபரேட்டர் இளஞ்சேரன் போனில் கேட்டான்:
"மேடம், சும்மா ஒரு புள்ளி வெச்சு ஏத்திடவா?"
வைக்கலாம்.
அந்தப் புள்ளி ரசீதில் ஏறும், வங்கிக்குப் போகும்,
அங்கே ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
இது யார் என்பார்.

என் மொழியில்
பெற்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடித்துத்தான்
பிள்ளையுடையது தொடங்கும். அது இலக்கணம்.
அதை ஊருக்கும் சட்டமாக்கியவள் நான்,
எவரும் கேட்காமலே.

மன்னார்குடியில் பரோட்டாக் கடை மாடி.
கீழே கல்லில் கொத்தும் சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்து
இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் எழுதினேன்.
அதே பெயர், வேறு கேள்விகள்:
உன் பேர் என்ன, எந்த வயல்,
நீதான் நட்டாய் என்று யார் சொல்வார்?
அவ்வளவுதான். பதினொன்று நாற்பதுக்கு
நூற்றுப் பதினெட்டாம் டோக்கன் பிறந்தது,
முன்னால் எந்த எழுத்தும் இல்லாமல்,
செங்கமலம்.

இரண்டு மணிக்கு மழை.

விடிந்ததும் மூட்டையில் கம்பி குத்திப் பார்த்தார்கள்.
ஈரம் இருபத்தொன்று.
பதினேழுக்கு மேல் ஏற்காதே
என்ற வரியும்
நான் எழுதியதுதான்.