தேய்மானம் போக

துரைக்கண்ணுவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை
முதலில் நான் பார்த்தது
ஒரு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்.

பதினைந்தாம் வருட வெள்ளம்.
நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
தண்டையார்பேட்டை, அம்சவேணி, சேதம் ஃப்ரிட்ஜ் ஒன்று.
நேரில் போகவில்லை. அந்த வாரம் முந்நூறு வீடு.
அவள் மகன் அனுப்பிய போட்டோவில்
வாசலுக்கு இழுத்துப்போட்ட ஃப்ரிட்ஜ், சேறு,
அதன் தோளுக்கு மேலே தூரத்தில்
புருவம் வைத்த ஒற்றை ஹெட்லைட்.
கவனிக்கவில்லை. எழுதினேன்:
ஏழு வருடப் பழசு, தேய்மானம் போக
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.

அந்தப் புருவத்தைத்தான்
பிறகு எட்டு வருடம் எங்கெங்கோ தேடினேன்.
பெரம்பூரில் ஒன்று, ஆமணக்குச் செடிக்குள், எஞ்சின் இல்லை.
மூலக்கொத்தளத்தில் ஒன்று
மினுக்கும் பச்சையும் ஏசியுமாகக்
கல்யாண வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது;
பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை.
கடைசியில் கிடைத்தது என் ஆபீசில்,
பழைய ஃபைல்களை எடைக்குப் போடக் கட்டிய நாளில்.
அட்ரஸும் அதிலேயே இருந்தது.
முனைவீட்டைத் தலைகுனிந்தபடி கடந்தேன்.

துரைக்கண்ணு ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர்.
எண்ணாமல் எதையும் சொல்லமாட்டார்.
"அறுபத்தேழு மாடல். நாப்பத்தோரு வருசமா நான்தான்.
டயர் நாலு செட்டு. வேற எதுவும் மாத்தல.
முன்சீட்டுக் கிழிசல் எம் பொண்டாட்டி தச்சது,
மீன்வல நூல்ல."
தார்ப்பாயை உருவினார்.
பானட்டில் பூனை படுத்த வட்டம்.
கம்பெனியில் அடித்த அதே மோர் நிறம்,
சாவித் துவாரத்தைச் சுற்றி மட்டும்
தகரம் தெரியத் தேய்ந்திருந்தது.
விலையில் சண்டை வரவில்லை.

பிரச்சினை சந்து.
வண்டி உள்ளே வந்தபோது அது சந்து இல்லையாம், ரோடாம்.
ஒரு வருடம் அடிபம்பு, ஒரு வருடம் யாருடைய பாத்ரூமோ;
இப்போது முனையில் மூன்று சிமெண்டுப் படி.
வண்டி அஞ்சடி. வழி நாலேகால்.

மெக்கானிக் காஜா மொய்தீன் கன்னத்தைச் சொறிந்தார்.
"ஹெரால்டு சார். பாடி முழுக்க போல்ட்டு.
நாலு துண்டா கயட்டி நாளைக்கே..."
"ஒரு போல்ட்டிலும் ஸ்பானர் படக்கூடாது."
"அப்போ படிய ஒடைக்கணும்."

"சாரு இன்சூரன்ஸ்ல இருக்காரும்மா" என்று
முனைவீட்டில் என்னை அறிமுகம் செய்தார் துரைக்கண்ணு,
உதவி என்று நினைத்து.
அம்சவேணி உள்ளே போனாள்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு கடுதாசியோடு வந்தாள்.
கீழே என் கையெழுத்து.
"வெள்ளத்துக்கு அப்பறம் கட்டுன படி.
எட்டு வருசம் ஆயிடுச்சி.
தேய்மானம் போக இன்னா குடுப்ப?"

காஜா செருமினார்.
துரைக்கண்ணு கரண்ட் கம்பியை எண்ண ஆரம்பித்தார்.
நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும்
இதற்குக் கட்டம் இருந்ததில்லை.

அவளே போட்டாள் கணக்கை:
"ஃபிரிஜ்ஜு ஒம்போதாயிரத்து எண்ணூறு.
நீ குடுத்தத கயிச்சிக்க.
எட்டாயிரத்து அறுநூத்தி அறுபது.
படிய நீயே திரும்பக் கட்டணும்.
ஒரு கல்லு ஒசரமா."

ஞாயிறு காலை கடப்பாரை விழுந்தது.
பையன்கள் ஏழு பேர் தள்ளினார்கள்.
எதிர்ச்சுவரில் யாரும் அளக்காத ஓர் இரும்புக் கொக்கி
வலது கதவில் ஒரு முழத்துக்கு இழுத்துவிட்டது.
அய்யோ என்றது நான் மட்டும்.

வண்டி மெயின்ரோட்டைத் தொடுமுன்
அது நின்ற இடத்தில்
மூன்று நீல டிரம்மை உருட்டிவைத்துவிட்டார் துரைக்கண்ணு.
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போனோம்.
பெயிண்டருக்கு போன் செய்ய எடுத்து
கீறலைப் பார்த்தேன்,
வைத்துவிட்டேன்.

ராத்திரி பத்தரைக்கு அவரே கூப்பிட்டார்.
"ஹாரன் அடிக்காது. சொல்ல மறந்துட்டேன்.
அதுக்கு எதனா கழிக்கணுமா?"

வேண்டாம் என்றேன்.