ஓயா

எங்கள் வீட்டில் சமைப்பது பவுலின்.
பாத்திரம் தேய்ப்பது நான்.
கல்யாணமான மறுவாரமே பேசி முடித்த ஒப்பந்தம்.
அது மே மாதம்.
மே மாதத்து மலை எதற்கும் சம்மதிக்க வைக்கும்.

டிசம்பரில்தான் தெரிந்தது
நாயுடுபுரத்துக் குழாயில் வருவது தண்ணீரல்ல,
ஊசி.
சோற்றுப் பானை, சாம்பார்ச் சட்டி, ரசச் சொம்பு,
பொரியல் வாணலி, தாளிப்புக் கரண்டி,
அப்பளம் பொரித்த எண்ணெய்க் கிண்ணம்,
மூடிகள், பொருந்தும் சட்டியே இல்லாத மூடிகள்.
எட்டு மணிக்கு மேல்
என் விரல்கள் என்னுடையவை அல்ல.

ஆகவே இதை யாரும் ரசனை என்று நினைக்க வேண்டாம்.
ஜப்பானில் இப்படித்தான், சோற்றின் மேலேயே எல்லாம்,
ஆளுக்கொரு கிண்ணம் என்று
ஜெனிலா கைபேசியை நீட்டியபோது
எனக்குப் பசிக்கவில்லை.
எண்ணினேன்.
சட்டி ஒன்று, கிண்ணம் நான்கு.
"சனிக்கிழமை நான் சமைக்கிறேன்" என்றேன்.
விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பவுலின்
யாருக்கோ இரண்டு மதிப்பெண் கூடப் போட்டுவிட்டாள்.

அதற்கு மீன் சாறு வேண்டுமாம்.
கொடைக்கானலில் கடலுக்கு எங்கே போக?
ஆனால் பவுலின் தூத்துக்குடிக்காரி.
அலமாரி மேல்தட்டில், கோதுமை டப்பாவுக்குப் பின்னால்,
மூன்று பை போட்டுச் சுற்றியும் அடங்காத
நெத்திலிக் கருவாடு இருந்தது.
தலை கிள்ளி, ஊறவைத்து, மெதுவாகக் கொதிக்கவிட்டேன்.
சோயா சாஸ், மூஞ்சிக்கல் ஃப்ரைட் ரைஸ் கடை தொம்மை
இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றித் தந்தது.
ஒரு சிட்டிகை சர்க்கரை.
நீளவாக்கில் வெங்காயம்.
எலும்பில்லாத கோழி, கட்டைவிரல் பருமனில்.
சோறு கொஞ்சம் குழையலாம் என்றிருந்தது.
பதினேழு வருடத்தில் இந்த வீட்டில்
குழைந்த சோற்றுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

ஜன்னலை மேகம் மூடியது. மின்சாரமும் போனது.
அடுப்பின் நீல வெளிச்சத்தில்
முட்டையை வட்டமாக ஊற்றி, மூடி போட்டு
எண்பது எண்ணினேன்.
அருளும் கூட எண்ணினான்,
பசியில் அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவி.

"பேரென்ன இதுக்கு?"
ஓயாகோடோன்.
மெழுகுவத்தியைப் பிடித்தபடி ஜெனிலா பிரித்துச் சொன்னாள்:
ஓயா என்றால் பெற்றவர்.
கோ என்றால் பிள்ளை.
கோழியும் அதன் முட்டையும்.
டோன், கிண்ணம்.

"நம்ம ஊர்லயும் அதேதான்" என்றாள் பவுலின்.
"பெத்தவ ஓயாதவ.
புள்ள கோ. ராசா.
பாரு, எப்படிக் கால நீட்டிட்டு ஒக்காந்திருக்கான்னு."

சிரித்து முடிப்பதற்குள்
ஜெனிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.
"தாயும் பிள்ளையும் ஒரே கிண்ணத்துலயா?
எனக்கு வேணாம்."

யாரும் பேசவில்லை.
என் அரைநாள் அவள் முன்னால்
ஆவி விட்டுக்கொண்டு இருந்தது.

அருள்தான் காப்பாற்றினான், வாய் நிறைய வைத்துக்கொண்டு:
"கோழி பண்ணைக்காடு. முட்டை நாமக்கல் லாரி.
ரெண்டும் மொதமொதல்ல பாத்துக்கிட்டதே இந்தச் சட்டியிலதான்.
சொந்தமே இல்ல."

யோசித்தாள்.
கரண்டியை எடுத்தாள்.
அந்நியர்களைத் தின்பதில்
அவளுக்கு ஆட்சேபணை இல்லை போலும்.
கிண்ணத்தின் அடிச்சோறு வரை வழித்தாள்,
சாறு இறங்கிய, கொஞ்சம் இனிக்கும் அந்த அடிச்சோறு.

தேய்க்கப் போனேன்.
சட்டி ஒன்று, கிண்ணம் நான்கு.
குக்கரையும், கருவாடு கொதித்த பாத்திரத்தையும்,
முட்டை அடித்த டம்ளரையும்
ஜப்பான்காரர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.
இருந்தாலும் ஒன்பது நிமிடம்தான்.
விரல்கள் இன்னும் என்னிடமே இருந்தன.

வழக்கம்போல மேடை துடைக்க வந்த பவுலினுக்கு
துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.
துணியைக் கையில் பிசைந்தபடி சுவரில் சாய்ந்து
மேகம் விலகி எதிர்ச்சரிவில்
ஒவ்வொரு வீடாக விளக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அவள் அப்படிச் சும்மா நின்று
நான் பார்த்ததில்லை.
கூப்பிடவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் வெகுநேரம் கழித்து.
"ஒரு வாய் ரசம் இருந்திருந்தா...
ஒரே ஒரு பாத்திரம்தானே கூட?"

சொம்பு, தாளிப்புக் கரண்டி,
புளி கரைத்த கிண்ணம்,
மூடி.