நூற்று நாற்பது டாலர்

படிவத்தில் அது பதினேழாவது வரி.
பதினாறு: பனி அள்ளும் இயந்திரம்.
பதினெட்டு: உறைபெட்டி, பழுதில்லை.
நடுவில்,
‘கிட்டார் ஒன்று, பழையது. மதிப்பு’
அப்புறம் ஒரு வெறும் கோடு.
அந்தக் கோட்டை நிரப்பத்தான்
தண்டர் பேயில் எனக்குக் கூலி.

லோர்ன் பெட்டிக்ரூ கொண்டுவந்து வைத்தான்,
உறைகூட இல்லாமல்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
“ஐநூறு என்று எழுதுங்கள் மிஸ் ஹக்கலா,
அவள் பங்கில்தான் போகப்போகிறது.”
மறுநாள் ஒக்ஸானா, தொலைபேசியில்:
“ஐம்பதைத் தாண்டாதுதானே?”

ஓசை வராத கருவிக்கு
விலை சொல்ல எனக்குத் தெரியாது.
முதலில் அதைப் பேசவைக்க வேண்டும்.
இதற்குக் கூலி கிடையாது, தெரியும்.

ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தேன்.
மேலே ஓடும் ரேகை
விளிம்பில் மடங்கி உள்ளே இறங்கினால்
முழுப்பலகை.
இறங்கவில்லை.
மூன்று தாள் ஒட்டிய பலகை,
மேல்தாள் மட்டும் தேவதாரு.
வேஷம்தான்.
ஆனால் ஐம்பது குளிர்காலம் கலையாத வேஷம்.

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டால்
ஜப்பானில் யாரோ பென்சிலில் எழுதிய 7,
பால்பை வெட்டும் கத்தி ஒன்று,
பாதி லேபிள்.
மீதியை எலி தின்றிருக்கிறது.

பாலம் தூக்கியிருந்தது.
அடியில் தபால் அட்டை தாராளமாக நுழைந்தது.
எவரோ ஒருவர்
தச்சுப்பசையை ஜாம் மாதிரி தடவியிருந்தார்.
துணிக்கு மேல் இஸ்திரிப்பெட்டி,
மெல்லிய கத்தி, பொறுமை,
பிறகு கெட்ட வார்த்தை,
பிறகு மறுபடி பொறுமை.
இரண்டு மாலை சுரண்டி
ஒரு ராத்திரி இறுக்கிக் கட்டிவைத்தேன்.

கழுத்து காய்ந்து சுருங்கியதில்
மெட்டுகளின் முனை நீட்டிக்கொண்டு கையைக் கீறியது.
சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து
பத்து நாள் வயிற்றுக்குள் போட்டேன்.
பாதி தானே உள்வாங்கிக்கொண்டது.
மீதிக்கு அரம்.

முதல் மூன்று மெட்டில்தான் தேய்மானம்,
அதுவும் ஜி, சி, டி பிடிகளுக்குக் கீழே.
ஐந்தாவதற்கு மேல் யாரும் போனதே இல்லை.
அங்கே உலோகம் இன்னும் கடையில் இருந்தது போல மின்னுகிறது.

ஆறாவது தந்தியின் பிருடைக்குத் தலை இல்லை.
அந்த இடத்தில் ஒரு பகடை,
துளை போட்டு ஒட்டியது, சிவப்பு.
திருகத் திருக
இரண்டு, மூன்று, ஐந்து என்று மேலே வந்தது.
நான்கு மேலே நின்றபோது
தந்தி சுருதியில் நின்றது.
மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன்.
நான்குதான்.

தந்தி பதினான்கு, எலும்பு ஒன்பது.
என் பதினொரு மணி நேரத்தை
யாரும் வாங்கமாட்டார்கள்.
ஓசை: அடித்தொண்டை கொஞ்சம் அடைத்தது,
நடுவில் தெளிவு,
உரக்க அடித்தால் முகம் சுளிக்கும்,
மெல்ல மீட்டினால் நல்ல துணை.
நூற்று நாற்பது என்று எழுதினேன்.

ஒக்ஸானா வந்தாள். பூட்ஸில் உப்பு.
வாசித்துப் பார் என்று நீட்டினேன்.
“எனக்கு வராது. அவன்தான் வாசிப்பான்.”
பிறகு எதற்கு இந்த வழக்கு என்று கேட்கவில்லை.
விரல் நேராகப் பகடைக்குப் போனது.
“இது என்னுடையது.
பேக்காமன் பெட்டியிலிருந்து
கேட்காமல் எடுத்தான்.
பன்னிரண்டு வருஷமாக ஒற்றைப் பகடை.”

சூடு காட்டினேன், கழன்றது.
நடுவில் ஓட்டையோடு
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
மரத்தை அவனுக்கே கொடுங்கள் என்றாள்.

வெள்ளைத் தலை ஒன்று மாட்டினேன். நான்கு டாலர்.
இனிமேல் பார்த்துச் சொல்ல முடியாது,
கேட்டால்தான் தெரியும்.

லோர்னிடம் சொன்னேன்.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம்
ரயில் போகிற சத்தம் மட்டும்.
“அதில் நான்கு வரணும்,” என்றான்.
தெரியும் என்றேன்.

சனிக்கிழமை எடுத்துப்போகிறானாம்.
வரும்போது
ஒரு உறை வாங்கிக்கொண்டு வா என்றேன்.